விளம்பர நிரலும் வாங்கப்பட்ட சம்மதமும்

கணிப்பொறி பற்றிய எளிய நூல்களில் தீங்கு செய்யும் நிரல்களைக் கூறும் பகுதியைப் பார்த்தால், வைரசுக்குப் பல பக்கங்களும் 'ஆட்வேர்' எனப்படும் விளம்பர நிரலுக்கு இரண்டு வரிகளும் ஒதுக்கப்பட்டிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். அந்த இரண்டு வரிகளின் சாரம் இதுதான்: பயனர் கேட்காமலேயே திரையில் விளம்பரங்களைக் காட்டும் நிரல் விளம்பர நிரல் ஆகும், அது தொல்லை தருமே தவிர, பெருந்தீங்கு செய்வதன்று. மாணவர்கள் இதை மனனம் செய்து எழுதுகின்றனர். ஆசிரியர்களாகிய நாமும் இரண்டு மதிப்பெண் போட்டுவிடுகிறோம். இந்த இலக்கணம் பிழையானது என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். காய்ச்சலை நோய் என்று எண்ணி நெற்றியில் ஈரத்துணி போடுபவர், காய்ச்சலுக்குக் காரணமான கிருமியைக் கண்டுகொள்வதில்லை அல்லவா? திரையில் தோன்றும் விளம்பரமும் காய்ச்சல் போன்றதே.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். விளம்பரம் காட்டுகிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு நிரல் குற்றமுள்ளதாகிவிடாது. நாம் வாங்கிப் படிக்கும் இதழ்களிலும் விளம்பரங்கள் உண்டு. அவை இருப்பதால்தான் இதழின் விலை குறைவாக இருக்கிறது. ஆப்பெரா என்னும் உலாவியின் இலவசப் பதிப்பு 2000 முதல் 2005 செப்டம்பர் வரை திரையின் மேற்புறம் ஒரு விளம்பரப் பட்டையைக் காட்டி வந்தது. பணம் செலுத்தியவர்களுக்குப் பட்டை இல்லை, செலுத்தாதவர்களுக்கு உண்டு. இந்த ஏற்பாடு யாவருக்கும் தெரிந்தே இருந்தது. உலாவியை நீக்கினால் விளம்பரமும் நீங்கிவிடும். சொல்லின் நேர்ப்பொருளில் இதுவும் ஆட்வேர்தான். ஆயினும் இதனால் எவரும் ஏமாறவில்லை. ஆகவே, தீங்கான விளம்பர நிரலை இதிலிருந்து பிரித்துக் காட்டும் பண்பு எது என்று கேட்க வேண்டும். விளம்பரம் என்ற சொல்லுக்குள் அதைத் தேடினால் கிடைக்காது.

திருவண்ணாமலையில் வாழும் எங்களுக்கு அதை எளிதாக விளக்கும் காட்சி ஒன்று மாதந்தோறும் கிடைக்கிறது. பௌர்ணமி நாளில் கிரிவலத்திற்கென வெளியூர்களிலிருந்து பெருங்கூட்டம் வந்து இறங்கும். மலையைச் சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர். பேருந்திலிருந்து இறங்கும் ஒருவர், "சன்னதித் தெருவில் இன்ன விடுதிக்குப் போக வேண்டும்" என்று வழி கேட்கிறார். கேட்கப்பட்டவர் நல்லவராயின் வழி சொல்வார். தரகராயின், "அந்த விடுதி நிறைந்துவிட்டது ஐயா, வாருங்கள்" என்று தமக்குத் தரகு தரும் வேறு விடுதிக்கு அழைத்துப் போவார். இந்தத் தரகர் விடுதியின் பெயர்ப்பலகையைச் சுமந்து நின்றிருந்தால் தீங்கில்லை. பயணி பலகையைப் பார்த்துவிட்டு விலகிப் போயிருப்பார். வழி கேட்பவருக்கும் வழிக்கும் நடுவே, வழிகாட்டியின் வேடத்தில் நிற்கிறார் என்பதே அவர் செய்யும் தீங்கு. விளம்பர நிரலின் இயல்பும் இதுவே. அது நம் கேள்விக்கும் விடைக்கும் நடுவில் வந்து நின்றுகொள்கிறது. அவ்விடத்தில் நின்றபின் விளம்பரம் காட்டுவது அதன் பல வேலைகளுள் ஒன்று மட்டுமே.

இதன் வாழ்க்கை முறையைப் புல்லுருவியோடு ஒப்பிடலாம். மாமரக் கிளைகளில் பசிய இலைகளுடன் தழைத்து நிற்கும் புல்லுருவியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கும் பச்சையம் உண்டு. உணவைத் தானே தயாரித்துக்கொள்கிறது. நீரையும் உப்புகளையும் மட்டும் மரத்தின் குழாய்களிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. மரம் உடனே பட்டுப்போவதில்லை. காய்ப்புக் குறைகிறது, கிளை மெலிகிறது. இப்புல்லுருவி மரத்திற்கு வந்து சேரும் விதம் இன்னும் கவனிக்கத் தக்கது. அதன் கனியைப் பறவை உண்கிறது. விதையைச் சுற்றிப் பசை போன்ற பொருள் இருப்பதால், பறவையிடமிருந்து வெளிப்பட்ட விதை கிளையில் ஒட்டிக்கொண்டு அங்கேயே முளைத்துவிடுகிறது. பறவைக்கு வேண்டியது கனி. விதையைப் பரப்ப வேண்டுமென்ற எண்ணம் அதற்கில்லை. நாம் இலவச நிரலைத் தேடிப் போகும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுவே. ஒரேயொரு வேறுபாடு, இங்கே பறவையின் தொழிலைச் செய்பவருக்குத் தாம் செய்வது நன்றாகவே தெரியும், அதற்குக் கூலியும் உண்டு.

அந்தக் கூலியின் கணக்கு எளியது. ஒரு விளம்பர நிரல் எத்தனை கணிப்பொறிகளில் நிறுவப்படுகிறதோ, அத்தனைக்கும் இவ்வளவு என்று பரப்பியவருக்குப் பணம் கிடைக்கிறது. எனவே மக்கள் விரும்பித் தேடும் ஏதேனும் ஒரு பயனுள்ள நிரலோடு இதனைச் சேர்த்துக் கட்டி ஒரே பொட்டலமாக வழங்குகின்றனர். நிறுவும்போது நாலைந்து பெட்டிகள் அடுத்தடுத்துத் திரையில் வரும். அவற்றுள் ஒன்றில், கூடுதல் நிரலை ஏற்கிறேன் என்ற வாசகமும், முன்கூட்டியே குறியிடப்பட்ட சிறு கட்டமும் இருக்கும். குறியை நீக்காமல் 'அடுத்து' என்பதை அழுத்தினால் சம்மதித்ததாகப் பொருள். பெயர் தெரியாத நிறுவனங்கள் மட்டுமே இதைச் செய்தன என்று எண்ண வேண்டாம். கணிப்பொறிப் பாடம் பயில்வோர் பலர் நிறுவிக்கொள்ளும் ஜாவாவை வழங்கிய ஆரக்கிள் நிறுவனமே, பல ஆண்டுகள் 'ஆஸ்க்' என்ற தேடுபட்டையை இவ்வாறு குறியிட்ட கட்டத்துடன் சேர்த்து வழங்கிற்று. 2011 டிசம்பரில், என்மேப் என்னும் வலையமைப்பு ஆய்வு நிரலை உருவாக்கிய கார்டன் லயன், தம் இலவச நிரலைச் சிநெட் நிறுவனத்தின் பதிவிறக்கத் தளம் தேடுபட்டையோடு பொதிந்து வழங்குவதாக வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். நிரலை எழுதியவருக்கே தெரியாமல் அவருடைய கனிக்குள் வேறொருவர் விதை வைத்துவிட்டார்!

நடுவில் நிற்பது எத்துணைப் பெரிய அளவில் நடக்கக்கூடும் என்பதை 2017-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஜூன் முதல் நாளன்று செக் பாயிண்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனம், 'ஃபயர்பால்' என்று தான் பெயரிட்ட ஒரு விளம்பர நிரலைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. பீகிங்கைச் சேர்ந்த ராஃபோடெக் என்ற விளம்பர நிறுவனத்தின் படைப்பு அது. உலாவியின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றித் தன் போலித் தேடுபொறியை அங்கே அமர்த்திவிடும். நாம் தட்டும் கேள்வி முதலில் அங்கே சென்று, பின்னரே கூகுளுக்கோ யாகூவுக்கோ திருப்பி விடப்படும். விடை சரியாகவே வரும். ஆனால் கேள்வியை நடுவில் ஒருவர் படித்துக் குறித்துக்கொண்டார். உலகில் 25 கோடிக் கணிப்பொறிகள் இதற்கு ஆட்பட்டன என்றும், அவற்றுள் 2 கோடியே 53 இலட்சம் இந்தியாவில் இருந்தன என்றும், நாடுகளின் வரிசையில் இந்தியாவே முதலிடம் என்றும் செக் பாயிண்ட் மதிப்பிட்டது.

இந்த எண்ணை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தான் 2015 முதலே இதனைக் கவனித்து வருவதாகவும், மதிப்பீடு மிகைப்படுத்தப்பட்டது என்றும் மறுத்தது. செக் பாயிண்டும் பின்னர்த் தன் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்துக்கொண்டது. போலித் தேடுபக்கங்களுக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை வைத்து மறைமுகமாகச் செய்யப்பட்ட கணக்கு அது. ஆய்வுக்கூடத்தில் மறைமுகமாக அளந்த எதற்கும் பிழையெல்லை எழுத வேண்டும் என்று மாணவருக்குச் சொல்கிறோம். செய்தித்தாள்களில் 25 கோடி என்ற எண் மட்டும் வந்தது, பிழையெல்லை வரவில்லை. ஆயினும் எண் எதுவாயினும் அறிக்கையின் மற்றொரு பகுதி வலுவானது. ஃபயர்பால், தான் குடியேறிய கணிப்பொறியில் வேறு எந்த நிரலையும் இறக்கி ஓட்டக்கூடியது. இன்றைக்கு விளம்பரம் காட்ட அதனைப் பயன்படுத்துகிறார்கள். நாளைக்குக் கடவுச்சொல்லைத் திருடப் பயன்படுத்தினால், புதிதாகக் கதவை உடைக்க வேண்டியதில்லை. 'தொல்லை தருமே தவிர, பெருந்தீங்கு செய்வதன்று' என்ற இலக்கணம் இந்த இடத்தில் முற்றிலும் உடைந்துபோகிறது.

இதைவிடத் தெளிவான சான்று அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே கிடைத்திருந்தது. அதனைச் சற்று விரிவாகக் காண்போம். ஏனெனில் அதில் அறிவியலும் உண்டு, சட்டமும் உண்டு.

வங்கியின் தளத்தைத் திறக்கும்போது உலாவியில் ஒரு சிறு பூட்டுப் படம் தெரிவதை அறிவீர்கள். அப்பூட்டு இரண்டு செய்திகளைக் கூறுகிறது. ஒன்று, உங்களுக்கும் அத்தளத்திற்கும் இடையே போகும் செய்தி மறைமொழியில் போகிறது. மற்றொன்று, எதிரில் இருப்பது உண்மையிலேயே அவ்வங்கிதான். இரண்டாவதை உலாவி எவ்வாறு அறிகிறது? பத்திரத்தில் சார்பதிவாளரின் முத்திரை இருந்தால் நாம் நம்புவதில்லையா, அதுபோலத்தான். ஒவ்வொரு தளமும் தன் சான்றிதழை நீட்டுகிறது. அதில் நம்பத் தகுந்த சான்றளிப்பாளர் ஒருவரின் மின்னணுக் கையொப்பம் இருக்கும். எந்தெந்தச் சான்றளிப்பாளரை நம்பலாம் என்ற பட்டியல் உங்கள் கணிப்பொறிக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. இதற்கு வேர்ச் சான்றிதழ்ப் பட்டியல் என்று பெயர். இப்பட்டியலில் ஒரு பெயரை நுழைக்க முடிந்தவர், முத்திரைக் கட்டையைச் செய்யும் அதிகாரம் பெற்றவராகிறார். அவர் எந்தப் பெயருக்கும் சான்றிதழ் எழுதலாம்; உலாவி வணங்கி ஏற்கும்.

2014 ஆகஸ்டு தொடங்கி, லெனோவா நிறுவனம் நுகர்வோருக்கென விற்ற மடிக்கணினிகள் பலவற்றில் 'விஷுவல் டிஸ்கவரி' என்னும் விளம்பர நிரல் தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டிருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த சூப்பர்ஃபிஷ் நிறுவனம் ஆக்கிய நிரல் அது. கடைத் தளங்களில் ஒரு பொருளின் படத்தின்மேல் சுட்டியைக் கொண்டு சென்றால், அதைப் போன்ற வேறு பொருள்களைத் தனக்குப் பணம் தரும் கடைகளிலிருந்து எடுத்துக் காட்டும். பூட்டுப் போட்ட பக்கங்களுக்குள் புகுந்து இதைச் செய்ய வேண்டுமே! அதற்காக அந்நிரல் தன் சொந்த வேர்ச் சான்றிதழை நம்பிக்கைப் பட்டியலில் நுழைத்தது. நீங்கள் வங்கியின் தளத்தைக் கேட்டால், வங்கியோடு நிரல் பேசும். உங்களோடு வங்கியின் பெயரில் தானே எழுதிய சான்றிதழைக் காட்டிப் பேசும். நடுவில் மறைமொழி பிரிக்கப்பட்டு, மறுபடி மறைக்கப்படும். பூட்டுப் படம் மட்டும் மாறாமல் தெரிந்துகொண்டிருக்கும்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. எல்லா மடிக்கணினிகளிலும் ஒரே முத்திரைக் கட்டையே வைக்கப்பட்டிருந்தது. அதாவது அந்த இரகசியத் திறவுகோல் ஒன்றேதான். 2015 பிப்ரவரியில் இது வெளிப்பட்டபோது, ராபர்ட் கிரஹாம் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர் அத்திறவுகோலைக் காத்து நின்ற கடவுச்சொல்லை விரைவிலேயே கண்டுபிடித்தார். அது 'கொமோடியா' என்பதாகும். அந்தத் தொழில்நுட்பத்தைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் பெயரே அது. இரும்புப் பெட்டியைச் செய்தவரின் பெயரையே பூட்டின் இரகசியச் சொல்லாக வைத்ததற்கு இது ஒப்பாகும். அதன் பின்னர், பொதுவிடத்துக் கம்பியில்லா இணைப்பில் அமர்ந்திருக்கும் எவரும், பக்கத்தில் அத்தகைய மடிக்கணினி இருந்தால், அதன் உடையவருக்குப் போலி வங்கித் தளத்தைப் பூட்டுப் படத்தோடு காட்டியிருக்க முடியும். இன்னொன்றையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்: நிரலை நீக்கினாலும் வேர்ச் சான்றிதழ் பட்டியலிலேயே தங்கிவிட்டது, அதைத் தனியே தேடி நீக்க வேண்டியிருந்தது. விளம்பரம் நின்றுவிட்டது என்று மகிழ்ந்தவரின் கணிப்பொறியில் தீங்கின் வேர் அப்படியே இருந்தது.

கைப்பேசியும் ஒரு கணிப்பொறியே. நம் மாவட்டத்தில் பெரும்பாலோர் கையாளும் கணிப்பொறி அதுதான். 2019 ஜூலையில் வெளிப்பட்ட 'ஏஜெண்ட் ஸ்மித்' என்ற நிரல், இந்தியாவைப் பொறுத்தவரை ஃபயர்பாலைவிட முக்கியமானது என்று கருதுகிறேன். உலகில் ஏறத்தாழ இரண்டரைக் கோடிக் கைப்பேசிகள் பாதிக்கப்பட்டன என்றும், அவற்றுள் ஒன்றரைக் கோடிக்கு மேல் இந்தியாவில் இருந்தன என்றும் செக் பாயிண்ட் கூறியது. கூகுளின் கடையல்லாத '9ஆப்ஸ்' என்ற செயலிக் கடையின் வழியே, விளையாட்டு, படங்களை அழகுபடுத்தல் போன்ற செயலிகளுக்குள் ஒளிந்து அது வந்தது. வந்தபின், கைப்பேசியில் ஏற்கெனவே இருந்த வாட்ஸ்அப் முதலிய செயலிகளை எடுத்துவிட்டு, அவற்றைப் போலவே இயங்கும், ஆனால் விளம்பரம் காட்டும் பிரதிகளை அங்கே வைத்துவிட்டது. பயனர் விளம்பரத்தைப் பார்த்து, "வாட்ஸ்அப்காரர்கள் விளம்பரம் போடத் தொடங்கிவிட்டார்கள் போலும்" என்று நினைத்துக்கொள்வார். யார் காட்டும் விளம்பரம் என்பதே தெரியாத நிலையில், அவர் யார்மேல் குறை சொல்வார்?

இனி, இவற்றைத் தடுக்க நாம் வழக்கமாகக் கூறும் அறிவுரையை எடுத்துக்கொள்வோம். "நிறுவும்போது ஒவ்வொரு பெட்டியையும் படித்துப் பார்த்து அழுத்துங்கள்; அறியாத இணைப்பைத் தொடாதீர்கள்." இந்த அறிவுரையில் தவறு இல்லை. ஆனால் இதை மட்டும் கூறுவது நேர்மையற்றது என்பேன். மாணவர்கள் என்னிடம் கொண்டு வரும் மடிக்கணினிகளில் முகப்புப் பக்கம் மாறியும், பெயர் தெரியாத தேடுபட்டைகள் இரண்டு மூன்று குடியிருந்தும் காண்பது உண்டு. "படித்துப் பார்த்தாயா?" என்றால், "இங்கிலீஷில் நாலு பக்கம் இருந்தது சார்" என்று விடை வரும். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, வீட்டில் முதன்முதலாகக் கணிப்பொறியைத் தொட்டவர்கள் தமிழ்நாட்டில் இலட்சக்கணக்கானோர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ் வழியில் பயின்றவர்கள். சட்டக் கல்லூரி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உடன்படிக்கையை அவர்களிடம் நீட்டி, ஏற்கிறேன் என்ற பொத்தானைப் பெரிதாகவும் வண்ணமாகவும், வேண்டாம் என்பதைச் சாம்பல் நிறத்தில் சிறிதாகவும் வைத்துவிட்டு, பின்பு "நீயே சம்மதித்தாய்" என்பது எந்த ஊர் நியாயம்? கைநாட்டு வாங்கிக்கொண்டு கடன் பத்திரம் எழுதிய பழைய லேவாதேவிக்காரர் இதே வாதத்தைத்தான் கூறி வந்தார்.

சூப்பர்ஃபிஷ் வழக்கிலும் வாதம் இதுவாகவே இருந்தது. முதன்முறை ஒரு கடைத் தளத்துக்குப் போகும்போது ஒரு சிறு பெட்டி தோன்றும். அதில் வேண்டாம் என்று தேடிப் பிடித்துச் சொன்னாலன்றி நிரல் இயங்கும். பெருக்கல் குறியை அழுத்திப் பெட்டியை மூடிவிட்டாலும் சம்மதித்ததாகவே கொள்ளப்பட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் இதனைச் சம்மதமாக ஏற்கவில்லை. 2017 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட உடன்பாட்டின்படி, இத்தகைய நிரலை முன்னதாக ஏற்றுவதற்கு நுகர்வோரின் வெளிப்படையான ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும், 20 ஆண்டுகளுக்கு ஒரு பாதுகாப்புத் திட்டத்தை நடத்த வேண்டும் என்றும் லெனோவாவுக்குக் கட்டளையிடப்பட்டது. 32 மாநிலங்களுக்கு 35 இலட்சம் டாலர் செலுத்தவும் அது ஒப்புக்கொண்டது. தொகை பெரிதன்று. ஆனால் பெட்டியை மூடுவது சம்மதமாகாது என்ற கோட்பாடு ஓர் அரசின் ஆணையில் ஏறிவிட்டது.

நம் நாட்டுச் சட்டம் என்ன கூறுகிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, கணிப்பொறியின் உடைமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி 'கணிப்பொறி மாசு' எதனையும் புகுத்துபவர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. மாசு என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் மிகவும் விரிந்தது. கணிப்பொறியின் இயல்பான இயக்கத்தை எவ்வகையிலேனும் கைப்பற்றும் கட்டளைத் தொகுதியும் மாசுதான். முகப்புப் பக்கத்தை மாற்றும் நிரலுக்கு இதைவிடப் பொருத்தமான வருணனை கிடைக்காது! நூலாசிரியர்களின் இரண்டு வரிகளைவிடச் சட்டம் எழுதியவர்கள் இவ்விடத்தில் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள் என்று பாராட்ட வேண்டும். ஆனால் 'அனுமதியின்றி' என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் தளர்த்திவிடுகிறது. குறியிட்ட கட்டம் அனுமதியா, அல்லவா? அந்தப் பிரிவு அதுபற்றி வாய் திறக்கவில்லை.

2023 நவம்பர் 30 அன்று, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய அதிகார அமைப்பு, ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. 13 வகை ஏமாற்றுகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று தீநிரல் பற்றியது. உங்கள் கணிப்பொறியில் வைரசு இருக்கிறது என்று பொய்யாக மிரட்டிப் பணம் பறிப்பதும், இலவசப் படம் தருவதாகக் கூறும் திருட்டுத் தளம் தீநிரலை ஏற்றுவதும் அதில் வருகின்றன. விளம்பரத் தீநிரல் பொதிந்த திடீர்ப் பெட்டிகளும் எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டுள்ளன. இது வரவேற்கத் தக்க முன்னேற்றம். ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட இயலவில்லை. எடுத்துக்காட்டுகளைப் படித்தால், குற்றவாளி எப்போதும் திருட்டுத் தளக்காரன் அல்லது முகமற்ற மோசடிக்காரன் என்ற எண்ணமே எழுகிறது. பெரிய நிறுவனம் தொழிற்சாலையிலேயே ஏற்றி அனுப்பும் நிரலும், பெயர் பெற்ற பதிவிறக்கத் தளம் பொட்டலத்தில் சேர்க்கும் பட்டையும் அவ்வெடுத்துக்காட்டுகளில் இல்லை. மேலே நாம் கண்ட வரலாற்றில் பாதி அத்தகையதே.

நம்பிக்கை தருவது வேறொரு சட்டம். மின்னணு வடிவத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, சம்மதம் என்றால் என்ன என்று எழுதியே வைத்திருக்கிறது. அது தன்விருப்பமாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும், விவரம் அறிந்தும், நிபந்தனையின்றியும், ஐயத்துக்கு இடமின்றியும், தெளிவான உடன்பாட்டுச் செயலால் தரப்பட வேண்டும். பெருக்கல் குறியை அழுத்துவது இதில் அடங்காது என்பது வெளிப்படை. இதனினும் நமக்கு முக்கியமானது: சம்மதம் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளுள் ஒன்றிலோ படித்துக்கொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று அச்சட்டம் பணிக்கிறது. அட்டவணையில் தமிழும் இருக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. நிறுவனங்களின் கடமைகளில் பெரும்பகுதி அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளது. இச்சட்டம் தனிநபர் தரவைத் திரட்டுவதைத்தான் கட்டுப்படுத்துகிறது. முகப்புப் பக்கத்தை மாற்றுவதை நேரே தொடவில்லை. எனினும் நாம் எதைத் தேடுகிறோம் என்று குறித்துக்கொள்ளாமல் பிழைக்கும் விளம்பர நிரல் அரிது. ஆகையால் இந்த வாயிலின் வழியே அதனைப் பிடிக்கலாம். ஒரு கவலை மட்டும் உண்டு. நிறுவனங்கள் தமிழில் எழுதும்போது, இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்த, தமிழாசிரியருக்கும் விளங்காத வாசகத்தைக் கொடுத்துவிட்டுச் சட்டம் நிறைவேறியது என்று கூறக்கூடும். பத்தாம் வகுப்பு படித்த ஒருவர் ஒரு முறை படித்தால் பொருள் விளங்க வேண்டும் என்பதை அளவுகோலாக வைக்குமாறு இப்போதே கேட்க வேண்டும். சட்டம் தெளிவான எளிய நடை வேண்டும் என்றே சொல்லியிருக்கிறது. எளிமையை யார் அளப்பது என்பதுதான் கேள்வி.

அதுவரை பயனர் செய்யத்தக்கது கொஞ்சம் உண்டு. இந்திய அரசின் கணிப்பொறி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' என்ற மையம், கணிப்பொறியைத் தூய்மை செய்யும் கருவிகளை விலையின்றி வழங்குகிறது. ஆனால் தூய்மை செய்யும் நிரலையும் தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தை அழுத்திப் பெற வேண்டாம். தரகரிடமே தரகரைப் பற்றிப் புகார் சொன்ன கதையாக முடியும்.

கைப்பேசியில் நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனையைக் கூறுகிறேன். எந்தச் செயலியையும் திறக்காதபோதும் முழுத்திரை விளம்பரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புப் பகுதியில், பிற செயலிகளின்மேல் தோன்றும் அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியல் ஒன்று இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். டார்ச்சு விளக்குக்கோ நாள்காட்டிக்கோ அந்த அனுமதி தேவையே இல்லை. ஐயத்துக்குரிய செயலிகளின் அனுமதியை ஒரே நேரத்தில் எடுத்துவிடாதீர்கள். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, மற்றவற்றை மாற்றாமல் ஒரு நாள் பொறுத்திருங்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்ப்பதும் இதே முறைதான். விளம்பரம் தொடர்ந்தால் அடுத்த செயலிக்குச் செல்லுங்கள். நின்றுவிட்டால், செயலியை நீக்குமுன் அதன் பெயரையும், அது எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக் கைப்பேசியிலும் பெரும்பாலும் அதுவே இருக்கும்.